கேப்டனம்மா ஏறிய பஸ்

சென்ற வாரம் மூன்றாவது வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கல்லூரி அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். "கேப்டனம்மா போயிட்டாவளாம், டீச்சர். பூசைக்குப் போயிட்டு வந்து நாற்காலில உக்காந்தவிய, எந்திரிக்கலியாம்." கரும்பலகையை அழித்துவிட்டு வகுப்பை முடித்துக்கொண்டேன்.

கேப்டன் அருளம்மாள் ராணுவ மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிறு பூசைக்குப் பிறகு பட்டாளத்தார் வீட்டுப் பெண்கள் அவர் முன்னறையில் கூடுவார்கள். கழுகுமலையிலிருந்துகூட வருவார்கள். அடுத்த தெருக்காரி என்பதைத் தவிர எனக்கு அங்கே வேலையில்லை. அரசுகள் ராணுவத்தைப் பற்றிப் பேசும் பெரிய வார்த்தைகளை நான் நம்புவதில்லை. அவரும் நம்பவில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

முன்னாள் படைவீரர் கூட்டம் ஒன்றுக்கு ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். இலங்கைக்குப் படை அனுப்பியதால் நாட்டின் மதிப்பு எப்படி உயர்ந்தது என்று விளக்கினார். கேப்டனம்மா எழுந்தார். "மதிப்பு சரி, சார். கால் போனவனுக்குக் கட்டைக்கால் வர எத்தனை மாசம் ஆகுது? அதையும் யோசிச்சுட்டு அனுப்பியிருக்கலாம்லா?" அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

அமைதிப்படையில் இலங்கைக்குப் போய் விடுப்பில் வரும் நம் பையன்கள், பெட்டியில் வெள்ளையில் எழுதிய பெயரும் எண்ணும் தெரியாதபடி சாக்கைச் சுற்றித் தைத்துக்கொண்டு வருவார்கள். கடைசியில் அந்தச் சாக்கே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. ஒரு மாலை நாங்கள் இருவரும் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் அப்படி ஒரு பெட்டியோடு நின்றவனை ஏழெட்டு இளைஞர்கள் வளைத்திருந்தார்கள். ஒருவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான்.

"என்ன பட்டாளம், அங்கன நம்ம சனத்தச் சுட்டுட்டு இங்கன கறிச்சோறு திங்க வந்தியாக்கும்?"

"அம்மாவுக்கு ரொம்ப முடியல, அண்ணாச்சி. நாகலாபுரம் போகணும். வழிய விடுங்க."

அன்று காலையில்தான் பக்கத்து உண்ணாவிரதப் பந்தலில் படை அனுப்பியதைக் கண்டித்து நான் பேசியிருந்தேன். என்னைக் கண்டதும் ஒருவன் உற்சாகமானான். "டீச்சரே வந்துட்டாவ! நீங்க சொல்லுங்க டீச்சர்!"

நான் காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டேன். கேப்டனம்மா கூட்டத்துக்குள் நுழைந்து அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்தார். "முட்டு வலிக்கி. தள்ளி நில்லுங்கலே, காத்து வரட்டும்."

"நீங்க எந்திரிங்க கேப்டனம்மா. இது எங்களுக்கும் அவனுக்கும் உள்ளது."

"ஏலே, இவனா அனுப்புனான்? அனுப்புனவிய டெல்லியில இருக்காவ. ராத்திரி ரயிலு இருக்கு. வாங்க போவோம். எனக்கும் கேக்க நெறைய இருக்கு."

யாரோ சிரித்தார்கள். காலரைப் பிடித்தவன் சிரிக்கவில்லை, பிடியையும் விடவில்லை. நாகலாபுரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"இவர ஏத்துனா ஒரு கண்ணாடி மிஞ்சாதும்மா. நான் பிள்ளகுட்டிக்காரன்."

"அப்ப நாங்க ஏறுதோம். ஒரு கெழவி, ஒரு பெட்டி. டீச்சர், நீங்களும் ஏறுங்க. காலையில மைக்குல பேசுனவிய இருக்க பஸ்ஸுல இவனுவ கல்லு விடுதானுவளான்னு பாப்போம்."

ஏறினேன். ஜன்னலோரம் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். வெளியே அந்தப் பையன்கள் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் என் வகுப்பு மாணவர்கள். பிடித்திருந்த கை மெல்ல விலகியது. சிப்பாய் ஏறினான். பஸ் நகர்ந்தபோது பின்புறத் தகரத்தில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. ஊர் எல்லை தாண்டி இரண்டு பக்கமும் கரிசல் காடு வந்தது. இலங்கையில் நடந்ததைப் பற்றி அவனிடம் கேப்டனம்மா எதுவும் கேட்கவில்லை. "அம்மைக்கு என்ன மாத்திரை குடுக்காவ?" என்பதை மட்டும் கேட்டார்.

அவனை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "நீங்க பேசுனது சரிதான், டீச்சர். நாளைக்கும் பேசுங்க. பேசி முடிச்சுட்டு பஸ் ஸ்டாண்டுக்கும் வாங்க."

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வரும்போது இடைசெவல்காரப் பெண் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் மவன் அடுத்த மாசம் இலங்கையிலருந்து லீவுல வாரான், டீச்சர். கேப்டனம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கேன்னு சொல்லியிருந்தாவ. இப்ப யாருட்டப் போவேன்?"

அவருடைய துணிச்சல் எனக்கு வராது. கோபத்தில் நிற்பவர்களைச் சிரிக்க வைக்கவும் தெரியாது. படை அனுப்பியது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன், அதையும் பேசுவேன். அவர் விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்திருப்பது அந்தப் பேருந்து நிலையம்தான். அந்தப் பெண்ணிடம், மகன் ரயிலிறங்கிப் பஸ் ஏற வரும் நேரத்தைக் கேட்டு வைத்திருக்கிறேன். கேப்டனம்மாவை அறிந்தவர்கள் யாராவது என்னோடு வந்து நின்றால் எனக்குப் பயம் குறையும்.