அப்பா வராத கூனி

எங்கள் வீட்டு அலுமாரியில் மடிப்புக் கலையாத சாரங்கள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு சித்திரை வருஷத்துக்கும் அம்மா அப்பாவுக்கு உடுக்கவென்று ஒன்று வாங்குவா. பனிச்சங்கேணிப் பக்கம் வலை பார்க்கப் போன அப்பாவின் தோணி, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஆளில்லாமல் வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. உடலைக் காணாமல் என்ன கிரியை என்று அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டா. முப்பத்தோராம் நாள் கிரியையும் செய்யவில்லை, திவசமும் இல்லை. இன்றைக்கும் பொட்டோடுதான் இருக்கிறா.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் மூன்றாவது ஆளுக்கு இடம் விட்டுத்தான் நடப்போம். அவருடைய கதிரையில் ஒருவரும் இருப்பதில்லை. சில மத்தியானங்களில் குசினிப் பக்கமாக ஈரக்கால் வைத்து யாரோ நடக்கிற சத்தம் வரும். அம்மா உடனே தலையை நிமிர்த்துவா. எனக்கும் கேட்கும், ஆனால் சொல்லமாட்டேன். எனக்கு அலுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், பயமாகவும் இருந்தது.

கல்லடியில் நான் கூனியும் கருவாடும் பைக்கற்றில் அடைத்து விற்கிறேன். கூனி என்றால் விரல் நுனியில் ஒட்டுகிற அளவு சின்ன இறால். கொழும்பில் ஒரு பெரிய கடைக்காரர், எங்களைப் போன்ற சின்ன வியாபாரிகள் பேசுவதைக் கேட்டுப் பொருள் எடுக்க மட்டக்களப்பில் ஒரு மண்டபத்துக்கு வருகிறார் என்றார்கள். எப்படிப் பேசுவது என்று பழக்க ஒரு தம்பி வந்தார். வயது என்னிலும் குறைவு, வாய் மட்டும் கல்லடிப் பாலம் நீளம்.

நான் எழுதிக்கொண்டு போன விலையையும் ஈரப்பதத்தையும் பார்த்துவிட்டு, இதையெல்லாம் ஆர் நினைவில் வைத்திருப்பார்கள், ஒரு ஆளுடைய கதையைச் சொல்லுங்கள் என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். மீனைக் கண்ட கொக்குப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். கதை அருமையாம், முடிவுதான் இல்லையாம். முடிவில்லாத கதை கேட்பவர்களை அந்தரத்தில் விட்டுவிடுமாம். திரையில் காட்டுகிற கடைசிப் படத்துக்கு அவரே ஒரு வரி எழுதித் தந்தார்: “அப்பா வாவியோடு கலந்துவிட்டார். அவர் தந்த சுவை உங்களோடு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா செத்துப்போனார் என்று எங்கள் வீட்டில் இதுவரை ஒரு வாய் சொன்னதில்லை. அந்த மண்டபத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டால், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தும் சொல்லிவிடலாம். கிரியையைச் செய்யலாம், சாரங்களை யாருக்காவது கொடுக்கலாம். அந்த எண்ணத்தோடுதான் அதைப் பாடமாக்கினேன்.

மண்டபத்தில் என் பின்னால் திரை முழுவதும் எங்கள் தோணி நின்றது. நன்றாகத்தான் பேசினேன். தோணிக்குள் சோற்றுப் பார்சல் பிரிக்காமல் கிடந்ததைச் சொன்னபோது இருமல்கூட ஓய்ந்துவிட்டது. அடுத்த படத்துக்கான பொத்தானில் விரலை வைத்தேன். பக்கக் கதவடியில் அதே ஈரக்கால் சத்தம். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பொத்தானை அழுத்தவுமில்லை.

“தோணி வந்திட்டுது. அவர் இன்னும் வரல்ல” என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டேன். பின்வரிசையில் அந்தத் தம்பி நெற்றியில் கைவைத்தபடி இருந்தார்.

ஓடர் கிடைத்தது. எங்கள் பைக்கற்றின் பெயர்தான் ஒருவருக்கும் நினைவில்லை. கொழும்புக் கடைக்காரரின் கந்தோரில் அதற்கு “அப்பா வராத கூனி” என்று பெயராம். பொருள் கேட்டுப் போன் எடுக்கிற பொடியன் கணக்குப் பேசுமுன் அப்பா வந்துவிட்டாரா என்று கேட்பான். லொறிச் சாரதியும் கேட்பார். கதையை முடித்திருந்தால் கைதட்டிவிட்டு மறந்திருப்பார்கள். அடக் கடவுளே, வீட்டுக்குள் மட்டும் நடந்துகொண்டிருந்தவரைக் கொழும்பு வரை நடக்க விட்டுவிட்டேன்.

போன மாசி மாதம் நான் சுளகில் கூனி புடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை முழுக்கத் தூசி, அம்மாதான் எடுத்தா. அந்தப் பக்கம் பொடியன் என்ன கேட்டான் என்று எனக்குத் தெரியும்.

“இன்னும் இல்ல மனே. வந்தா சொல்றன்” என்றா.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“கொழும்பில இருக்கிற பொடியன் கேக்கான். நீ ஒரு நாளாவது கேட்டியா புள்ள?”

நான் சுளகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது. கூனித் தூசி என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் அழுதேன்.

இந்த வருஷப் பிறப்புக்குச் சாரம் வாங்கக் காத்தான்குடிக்கு நான்தான் போனேன். கடைக்காரர் ஆருக்கு என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். அவர் விரித்துப் போட்டதை ஒதுக்கிவிட்டு, “பெரிய கட்டம் வேணாம், அவருக்குப் பிடிக்காது” என்றேன்.