முட்டிவலி ஆராய்ச்சியும் மல்லாட்டைக் கொல்லையும்

1. வித்தியாசமே இல்லை

பிசியோதெரபிஸ்டாக நான் வேலை பார்க்க ஆரம்பித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதில் மிக மோசமான மத்தியானம் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். செஞ்சியில் நாங்கள் நடத்திய முட்டிவலி ஆராய்ச்சியின் ஆறாவது மாதக் கடைசி. இரண்டு குழுக்களின் அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்து அப்படியே மூடிவிட்டேன்.

விஷயம் இதுதான். முட்டித் தேய்மானத்துக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்துக் கிராமமான சிங்கவரத்தில் முட்டிவலி உள்ள பெண்களைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தோம். ஒரு குழுவுக்கு வலி மாத்திரையோடு பயிற்சி. இன்னொன்றுக்கு வழக்கமான மாத்திரை மட்டும். அவர்களுக்குப் பயிற்சி ஆறு மாதம் கழித்துத்தான். பயிற்சிக் குழு செவ்வாய்க்கிழமை வரும், மாத்திரைக் குழு வியாழக்கிழமை வரும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே கூடாது என்று நான் போட்ட திட்டம். ரொம்பப் புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

வித்தியாசம் இல்லையென்றால், பயிற்சியால் பலனில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். "முடிவைப் பார்த்துட்டுத்தாம்மா ரூமைப் பத்திப் பேச முடியும்" என்று ஆராய்ச்சியை நடத்திய எலும்பு டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆக, ஆராய்ச்சிக்காகக் கொடுத்த பயிற்சி அறை செஞ்சியில் இனி இருக்காது. திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏறச் சொன்னால், நடக்கவே வலிக்கிறவர்கள் யார் போவார்கள்? மாத்திரையோடு நின்றுவிடுவார்கள். டிபன் பாக்ஸை மூடியது அதை நினைத்துத்தான்.

2. அஞ்சலை காலை நீட்டினார்

அந்த வார வியாழக்கிழமை, விட்டுப்போன ஒரு அளவை எடுக்க அஞ்சலையை வரச் சொல்லியிருந்தேன். மாத்திரைக் குழு. அறுபதை நெருங்குகிற வயது. மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், குந்தி உட்கார்ந்து களை எடுக்கிறவர். ஆறு மாதம் முன்பு நாற்காலிக் கையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் எழுந்தார். அன்றைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எழுந்து வந்தார்.

"மாத்திரை நல்லா கேக்குதா?"

"கேக்குது டாக்டரம்மா." நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, விட்டுவிட்டேன்.

"வேற ஏதாவது பயிற்சி செஞ்சீங்களா?"

"நான் இன்னாத்த செஞ்சேன், ஒண்ணும் இல்ல" என்றார், ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

"சரி, உக்காந்து வலது காலை நீட்டுங்க."

பழக்கம் இல்லாதவர்கள் பாதத்தைத் தொங்கவிட்டு நீட்டுவார்கள், உடனே பொத்தென்று இறக்கிவிடுவார்கள். அஞ்சலையோ பாதத்தைத் தன் பக்கம் இழுத்தார், முட்டியை இறுக்கினார், வாய்க்குள் பத்து எண்ணினார், மெதுவாக இறக்கினார். செவ்வாய்க்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுக்கிற அதே பயிற்சி. ஒரு பிசகு இல்லை.

"அஞ்சலையம்மா, இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "லிஸ்ட்ல இருந்து பேரை அடிச்சிடுவீங்களா? அடிக்கமாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்."

"அடிக்கமாட்டேன்."

"பச்சையம்மா."

3. பத்து மணி டீ

பச்சையம்மாள் பயிற்சிக் குழுவில் முதல் மாணவி. ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. மறுநாள் சிங்கவரத்துக்கு ஸ்கூட்டியை விட்டேன். கொல்லையில் களை எடுத்தவர்களுக்கு டீ வந்திருந்தது. என் செவ்வாய்க்கிழமையும் என் வியாழக்கிழமையும் கலந்து வரிசையாக வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முட்டிக்கு அடியிலும் சுருட்டிய துண்டு. பச்சையம்மாள் டம்ளரும் கையுமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏழு, எட்டு... பாதத்த இழுடி! தொங்க வுடாத! டாக்டரம்மா பாத்துச்சுன்னா திட்டும்!"

திரும்பினார். டாக்டரம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்றேன்.

"நீங்கதான சொன்னீங்க, டீ குடிக்க உக்கார்றப்ப வரப்புலயே செய்யுங்கன்னு? செஞ்சேன். பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கறவ இன்னா, கண்ண மூடிக்கினா இருப்பா? அவளுக்கும் முட்டிதான வலிக்குது?"

அப்படிச் சொன்னது நானேதான். களை எடுக்க ஒரே கூட்டமாகத்தான் போவார்கள் என்பது இந்த ரோட்டில் பஸ்ஸில் போகிற எவருக்கும் தெரியும். கிழமையைப் பிரித்த நான் கொல்லையை மறந்துவிட்டேன்.

4. ஃபோன்

வரப்பில் பழகிய வியாழக்கிழமைக்காரர்களை 'இடையில் நின்றவர்கள்' என்று எழுதிக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் வித்தியாசம் வந்துவிடும், அறையும் தப்பிக்கும். அந்த ஆசை ஒரு மணி நேரம் எனக்கு இருந்தது, மறைப்பானேன். ஆனால் அது பச்சைப் பொய். பேரை அடிக்கமாட்டேன் என்று அஞ்சலைக்கு வாக்கு வேறு கொடுத்திருக்கிறேன். டாக்டருக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் மனுஷன் சிரிக்கிறார்.

"இந்த ஆராய்ச்சி செல்லாதும்மா. ரெண்டு குழுவும் ஒரே குழுவாயிடுச்சு. நடந்ததை அப்படியே எழுதிடுங்க. ஆனா நாம சொல்லாமலே ஒரு கொல்லை முழுக்கப் பழகியிருக்கே, அதை விடலாமா? இனிமே ஆளைப் பிரிக்க வேணாம், ஊரைப் பிரிப்போம். சிங்கவரம் முழுக்கப் பயிற்சி, மண்டகப்பட்டு முழுக்க இப்போதைக்கு மாத்திரை. அது முடியற வரைக்கும் ரூம் இருக்கும்."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டரை வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், யாரோடு வேலை செய்கிறீர்கள், யாரோடு பேசுவீர்கள் என்று கேளுங்கள். புது ஃபார்மில் அதைத்தான் முதல் கேள்வியாகப் போட்டேன். முதல் ஆளாக அஞ்சலையைக் கேட்டேன்.

"மண்டகப்பட்டுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இன்னா டாக்டரம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? என் பொண்ண அங்கதான குடுத்துக்கீறோம். சம்மந்தியம்மாவுக்கும் முட்டிவலிதான். போன வாரந்தான் வீடியோ கால்ல பாதத்த இழுக்கச் சொல்லிக் குடுத்தேன்."

பேனாவைக் கீழே வைத்தேன். வேறு ஊர் பார்க்கச் சொல்லி டாக்டருக்கு ஃபோன் போட வேண்டும். அதற்கு முன்னால் சம்மந்தியம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வலி குறைந்திருக்கிறதாம்.