சக்கரம் தட்டிய ஜம்புநாதன்

ஜம்புநாதனின் காதைப் பற்றி லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பெருமை பேசாதவர் கிடையாது. சிக்கந்தராபாத் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றதும், நீளக் காம்பு போட்ட சுத்தியலோடு தண்டவாளத்தில் இறங்கிவிடுவார். ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று கேட்டால் நல்ல சக்கரம். சத்தம் அமுங்கினால் உள்ளே எங்கோ விரிசல். முப்பத்திரண்டு வருஷ வேலையில் அவர் கோட்டைவிட்ட விரிசல் ஒன்றுகூட இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். வீட்டு விஷயத்தில் அவர் கதையும் அதுதான்.

1914இல் திருச்சிப் பக்கம் லால்குடியிலிருந்து பாமாவைக் கட்டிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கம் எல்லாம் தெலுங்கும் உருதும். அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டால், திரும்பும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. குழந்தையும் பிறக்கவில்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் ஆரம்பித்துவிடுவாள்.

"இதெல்லாம் ஒரு விறகா? ஊதி ஊதிக் கண்ணே அவிஞ்சு போச்சு!"

மறுநாளே காய்ந்த விறகு வந்து இறங்கும். கதவு கிறீச்சிடுகிறது என்று கத்தினால் அன்றைக்கே கீலுக்கு எண்ணெய். பால் தண்ணீராக இருக்கிறது என்றாள், பால்காரனையே மாற்றினார். மனுஷர் கெட்டவரில்லை, பாவம். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று தனக்குத்தானே மெச்சிக்கொள்ளவும் செய்தார்.

பால்காரனை மாற்றிய அன்று அவள் இன்னும் பலமாகக் கத்தினாள்.

"பாலைப் பத்தியா நான் பேசினேன்?"

"பின்ன எதைப் பத்தி? சொல்லு, மாத்திப்புடுறேன்."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபம் பொங்கிக்கொண்டு வந்ததே தவிர, எதற்கு வருகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. உட்கார்ந்து அழுதாள். ஜம்புநாதன் போய்ப் புதுசாக ஒரு பால்செம்பு வாங்கி வந்தார்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். விறகு புகைந்தாலும் பேச்சில்லை.

"இப்பதான்டா வீடு வீடா இருக்கு. சத்தமே இல்ல" என்றார், கூட வேலை பார்த்த நாராயணசாமியிடம்.

"குடுத்துவச்சவன்டா நீ" என்றான் அவன்.

நாள் தவறாமல் நூறு சக்கரம் தட்டுகிற மனுஷனுக்கு, சத்தம் அமுங்கினால் என்ன அர்த்தம் என்று அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் காய்ச்சல் என்று மத்தியானமே வீடு திரும்பினார். உள்ளே சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டு நாகம்மாவோடு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்தபடி, பாமா தெலுங்கில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். லால்குடியில் அத்தை கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் மாலையை ஆடு தின்ற கதை. அவளுக்கு இத்தனை தெலுங்கு வரும் என்பதே அவருக்குத் தெரியாது. அந்தக் கதையும் தெரியாது. அவர் தலையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நாகம்மா எழுந்து போனாள்.

"என்னமோ சொல்லிக்கிட்டிருந்தியே?"

"ஒண்ணுமில்ல. கஞ்சி வைக்கட்டுங்களா?"

"வை" என்றார். கஞ்சி கிடக்கட்டும், நீ உட்கார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போனோமே என்று பிற்பாடு அவர் வருந்தாத நாள் இல்லை.

1946இல் ரிட்டயரானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நாகம்மா குடியேறியிருந்த தெருவிலேயே, அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அது பாமாவின் பிடிவாதம். வேலை முடிந்ததும் அவள் அங்கே போய்விடுவாள். இவர் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். காரணம் தெரியாமல் மூக்குக்குமேல் கோபம் வரும்.

"காப்பி ஆறிப்போச்சு! இத மனுஷன் குடிப்பானா?" என்று ஒரு நாள் தெருவே கேட்கக் கத்தினார்.

பாமா வந்தாள். டம்ளரை எடுத்துப் போனாள். ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

ஜம்புநாதன் டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"காப்பியப் பத்தியா நான் பேசினேன்?"

அவள் நிலைப்படியில் நின்றாள்.

"பின்ன எதப் பத்தி? சொல்லுங்க, மாத்திக் கொண்டாறேன்."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவேதான் கேட்டாள். அவர் தள்ளிவைத்த டம்ளரை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"சரி, குடிங்க. அங்க கதை பாதியில நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.