எனக்கு நானே அனுப்பிய வாய்ஸ்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மிஷினைத்தான் திட்டுவேன். அது திருப்பிப் பேசாது பாருங்கள். நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக், அதாவது துணி ஓரம் அடிக்கிற மிஷின், பழகச் சேர்ந்த புதிதில் அந்த மிஷின் என்னிடம் வாங்கிய வசவுக்கு, சூடு சொரணை இருந்திருந்தால் கழன்று ஓடியிருக்கும்.

அதற்கு முன்பு நான் கைமடி. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுப்பது, தைத்து வரும் பீஸை வாங்கி நூலை வெட்டி அடுக்குவது, இதற்குத்தான் எங்கள் கம்பெனிகளில் அந்தப் பெயர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மண்ணரைக்கு வந்த நாள்தொட்டு இதே வேலை. டெய்லர் உட்கார்ந்திருப்பார், கைமடி நின்றுகொண்டிருப்பாள். பொழுது சாயும்போது முழங்கால் இரண்டும் யாருடையதோ போல இருக்கும். எனக்கு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மாதக் கடைசியில் ஒரு டெஸ்ட் வைப்பார்கள். தேறினால் மிஷினும் ஸ்டூலும் கிடைக்கும். தேறாவிட்டால் பழையபடி நிற்க வேண்டியதுதான், மறுபடி பழக விடமாட்டார்கள்.

சொல்லித் தர வந்தவள் என்னைவிட ரொம்பச் சின்னவள், சேவூர்க்காரப் பெண். கண்டிப்பான ஆளாக இருப்பாள் என்று பயந்து போனால், அவள் பழக வந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு செல்போன் ஸ்டாண்டைக் கொடுத்தாள். அவரவர் போனை அதில் மாட்டி, தைக்கிற கையை வீடியோ எடுக்க வேண்டுமாம். சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டு, தெரிந்ததைப் பேசி வாய்ஸ் மெசேஜாக அனுப்ப வேண்டுமாம்.

"உங்களுக்கா அனுப்பணும்?" என்று கேட்டேன்.

"எனக்கு வேண்டாங்கக்கா. உங்க நம்பருக்கே அனுப்பிக்குங்க. சரி, தப்புன்னு எதும் சொல்ல வேண்டாம். வீடியோல என்ன பார்த்தீங்ளோ, அத மட்டும் சொல்லுங்க."

தனக்குத் தானே பேசிக்கொள்கிறவளுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு. ஆனாலும் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே என்று பேசினேன். முதல் நாள், "மிஷின் சரியில்ல, பெடல் இழுக்கு" என்று அனுப்பினேன். மறுநாள், "நூலு மட்டம்." அதற்கடுத்த நாள், "பக்கத்துல இருக்கவ பாடிக்கிட்டே தைக்கா, எனக்கு ஓடல." வீடியோவைப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். ஓடவிட்டுவிட்டு உலை வைக்கப் போய்விடுவேன்.

என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. நான் பேசுவதை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவர், "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்றார். சோறு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் வெங்காயத்தை மட்டும் கவனித்தார்.

ஒருநாள் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து, "தையல் நல்லா இருக்குதுங்கக்கா. வேகந்தான் பத்தறதில்ல" என்றாள். "மிஷின மாத்திக் குடுங்க, வேகத்தக் காட்டுதேன்" என்றேன். மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தாள். புது மிஷின். புது நூல் கோத்திருந்தது. பாடுகிறவளும் பக்கத்தில் இல்லை. வேகம் மட்டும் அதே வேகம்.

கம்பெனி வேனில் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் எத்தனை குறை சொல்லியிருக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் காட்டுவதற்காகவே இயர்போனை மாட்டி, அனுப்பிய வாய்ஸை எல்லாம் வரிசையாகக் கேட்டேன். மிஷின் இருந்தது, நூல் இருந்தது, மினுங்குகிற டியூப் லைட் இருந்தது, ஃபேன் காற்றுகூட இருந்தது. தைக்கிறவளைக் காணோம். ஒன்றில்கூட நான் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம்தான் வீடியோவை ஒழுங்காகப் பார்த்தேன். தையல் நேராக ஓடுகிறது. பீஸ் முடிகிற இடத்தில் வலது கை துணியை விட்டுவிட்டு மேலே போகிறது. கைமடிக் காலத்திலிருந்தே கழுத்தில் நாடா கட்டித் தொங்கும் ட்ரிம்மரை, அந்தச் சின்ன நூல் கத்தரியைப் பிடித்து வந்து நூலை வெட்டுகிறது. மிஷின் சும்மா காத்துக் கிடக்கிறது. அடுத்த பீஸிலும் அதே கதை. ஓவர்லாக்கில் எந்த டெய்லரும் நூல் வெட்டுவதில்லை. ஒரு பீஸின் வாலைப் பிடித்து அடுத்த பீஸை உள்ளே விட்டுக்கொண்டே இருப்பார்கள், நடுவில் இருக்கும் நூலைக் கைமடி வெட்டிக்கொள்வாள். நானோ டெய்லராகவும் இருந்து எனக்கு நானே கைமடியாகவும் இருந்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு என் கையே தெரியவில்லை. வேனில் நான் தனியாகச் சிரித்ததைக் கேட்டு முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்கு அனுப்பிய வாய்ஸ் இதுதான்: "என் கை கழுத்துக்குப் போகுது. நான் போகச் சொல்லல, அதுவா போகுது."

காலையில் அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அத நான் மொதல்லயே பார்த்துட்டனுங்க" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பாத்துட்டு ஏம்மா வாய மூடிக்கிட்டு இருந்தீக?"

"சொன்னனுங்கக்கா. ட்ரிம்மர நான் தொடவே இல்லைன்னு என்கிட்ட சண்டைக்கு வந்துட்டீங்க."

வந்திருப்பேன். எனக்குத் தெரியாதா என்னை.

ட்ரிம்மரைக் கழற்றிப் பையில் போட்டேன். கை விடவில்லை. கழுத்துக்குப் போய்த் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு விழித்தது. தினமும் வீடியோ எடுத்தேன், பார்த்தேன், பேசினேன். "இன்னிக்குத் தோள் வரைக்கும் போச்சு." "இன்னிக்கு நெஞ்சு வரைக்கும்தான்." பார்த்துப் பார்த்து, கை கிளம்பப் போவது கிளம்புவதற்கு முன்பே எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

டெஸ்ட் அன்று எனக்குக் கைமடியாக ஓர் ஒடிசாப் பெண்ணை நிறுத்தினார்கள். என் ட்ரிம்மரை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் நிதானமாக வெட்டினாள். பிடுங்கி நானே வெட்டிவிடலாமா என்று இருந்தது. முதல் பீஸ் முடிந்தபோது கை லேசாக எழும்பியது. எழும்பிய கையை அடுத்த பீஸின் மேல் வைத்தேன். பிறகு துணி ஓடியது, நானும் ஓடினேன்.

கடைசியில் சூப்பர்வைசர் வந்து, "திங்கக்கெழமைல இருந்து ஓவர்லாக் லைன்ல உக்காந்துக்குங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, அழுதேன்.

சேவூர்ப் பெண் அன்று கொஞ்சம் தள்ளி நின்று, முழு ஆளும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். எங்கே கோணல் என்று தேடுவார், பதில் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் போனை வாங்கிப் பார்த்தார். முடிந்ததும் திரும்ப ஓடவிட்டார்.

"கையப் பாருங்க," என்றேன். "எங்கயாவது நிக்குதா பாருங்க."

"ஏட்டி, கைய யாரு பாத்தா?" என்றார். "நீ உக்காந்திருக்கதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."