சச்சிதானந்தன் பார்த்த சாதகம்

இல்ஃபோர்டில் தபால் பிரிக்கும் வேலை செய்யும் சச்சிதானந்தன் ஒரு காலத்தில் கவிஞர். யுத்தத்துக்கு முந்திய ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தில், 'வாளி போடாத கைகள்' என்றொரு சிறு தொகுப்பை வெளியிட்டார். சாதி சொல்லிச் சிலரைக் கிணற்றடிக்கு விடாத ஊரை அது காறித் துப்பியது. சாதகத்தின் பெயரால் சாதி காப்பவர்களையும் விட்டுவைக்கவில்லை. உறவினர் பாதிப்பேர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள்.

லண்டனுக்கு அகதியாக வந்தபின் கவிதை நின்றுபோயிற்று. 2006இல் நண்பர்கள் அத்தொகுப்பை மறுபதிப்புச் செய்யப் புறப்பட்டபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் மகள் ஜதுர்ஷிகா, தான் விரும்பிய யனுஷனை வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

"தம்பி எந்த ஊர்?"

"ஈஸ்ட் ஹாம், அங்கிள்."

"அதில்லை. அப்பான்ரை ஊர்?"

சொன்னான்.

"அதிலை எவடம்?"

ஊரில் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சாதியும் தெரிந்துவிடும். பையனுக்குத் தெரியவில்லை. சச்சிதானந்தன் டொரன்டோவுக்கும் பாரிசுக்கும் போன் போட்டுத் தெரிந்துகொண்டார். எவர்களுக்காகக் கவிதை எழுதினாரோ அவர்களில் ஒரு குடும்பம்!

பையனின் தந்தை சூசைதாசன் போன் எடுத்து மரியாதையாகப் பெண் கேட்டார். நம்மவர் இந்த இடத்தில் சாதி என்று சொல்லமாட்டார்கள். அதற்கென்றே நாகரிகமான பொய் ஒன்று வைத்திருக்கிறார்கள். கவிஞர் வாயிலும் அதுவே வந்தது.

"குறை நினைக்காதேங்கோ. சாதகம் பொருந்தேல்லை."

சூசைதாசன் நிதானமாகக் கேட்டார்:

"அண்ணை, நாங்கள் கிறிஸ்தவ ஆக்கள். எங்களிட்டைச் சாதகமே இல்லையே. எதைப் பாத்தனீங்கள்?"

சச்சிதானந்தன் போனை வைத்துவிட்டார். காது மடல் எரிந்தது. அன்று மாலை மகள் கேட்டாள்: "யனுஷன்ரை சாதகத்தை எங்கையப்பா எடுத்தனீங்கள், இன்டர்நெற்றிலையோ?" அதன்பின் அவள் அவரோடு பேசவில்லை.

வெளியீட்டு விழா ஹரோவில், ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. பேச்சாளர்கள் கவிஞரின் துணிச்சலைப் புகழப் புகழ அவர் கதிரையில் குறுகினார். சிறப்புப் பிரதி பெறப் பெயர் பெயராக அழைத்தார்கள். எல்லோரும் வாங்கி முடித்தபின், எவரும் அழைக்காமலே சூசைதாசன் மேடையேறி, "நான் யனுஷன்ரை அப்பா" என்று கை நீட்டினார். கூட்டம் கைதட்டியது.

புத்தகத்தைக் கொடுக்கும்போது சச்சிதானந்தன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் விட்டது பிழை. வீட்டுப் பக்கம் வாங்கோ, கதைப்பம்."

"பிள்ளையள் கலியாணப் பதிவுக்கு நாள் எடுத்திட்டினம், அண்ணை. உங்களைக் கூப்பிடுறதோ இல்லையோ, அது மகளின்ரை முடிவு. அவ அங்கை பின்னுக்கு நிக்கிறா."

"நான் வெக்கப்படுறன், சூசைதாசன்."

"இதை ஏன் என்ரை காதுக்குள்ளை சொல்லுறியள்? மைக் இருக்குதே."

ஏற்புரைக்கு அழைத்தார்கள். மைக்கின் முன் நின்றார். கடைசி வரிசைக்குப் பின்னால் மகள் கைகட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாதகத்தைச் சொல்லிச் சாதி பார்த்தேன் என்று ஒரே ஒரு வசனம் போதும். முன்வரிசையில் உறவினர், ஊரவர், ஊர்ச் சங்கத் தலைவர். அரசையே எதிர்த்துப் பேசக்கூடியவர்கள்தான் நாம். சொந்தக்காரன் முகம் சுழித்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அவர் விழாக் குழுவுக்கு நன்றி சொன்னார். சிற்றுண்டி தந்தவர்களுக்கு நன்றி சொன்னார். நிமிர்ந்து பார்த்தபோது மகள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தாள். பதிவுத் திருமணத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை.