சூரிய உலர்த்தல் திட்டம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சலவை நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகளெல்லாம் எங்களிடம்தான் வரும். துவைத்தவற்றை மொட்டைமாடிக் கொடியில் காயப்போடுவது திருச்செங்கோட்டுப் பக்கத்து அக்கா ஒருவரின் வேலை. சேலத்து வெயிலில் விரிப்பு காய எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் அறியாமை அப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி ஏதோ பயிற்சிக்குப் போனார். திரும்பும்போது ஒரு ஆலோசகரையும் அழைத்து வந்தார். ஆலோசகர் ஸ்டாப்வாட்ச்சுடன் ஒரு நாள் முழுக்க அக்காவின் பின்னாலேயே மாடியேறி இறங்கி, நடப்பதெல்லாம் விரயம் என்று கண்டுபிடித்தார். வேண்டாத பொருள்களுக்குச் சிவப்புச் சீட்டு கட்டுவது என் பொறுப்பு. கொடிக்கயிறுகளுக்கு நானே கையெழுத்துப் போட்டுக் கட்டினேன். கயிறு குப்பைக்குப் போனது. அவர் சொன்னபடி உலர்த்தும் இயந்திரம் வந்தது.

அக்காவை அதன் பக்கத்திலேயே நின்று மடிக்கச் சொன்னோம். நடை மிச்சமானது. அக்காதான் வெந்துபோனார்.

"ஏனுங்க தம்பி, வெளிய இத்தன வெயிலு சும்மா காயுது. உள்ள எதுக்குங்க இன்னொண்ணு?"

"செயல்திறன் அக்கா" என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து முதலாளி சுற்றுச்சூழல் பயிற்சிக்குப் போனார். இம்முறையும் கூட வந்தவர் அதே ஆலோசகர். கையில் இப்போது பச்சை ஃபைல். இயந்திரத்தைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இவ்வளவு கரண்ட் இழுக்குதே, இதை யாரு வாங்கச் சொன்னது?"

முதலாளியும் நானும் தரையைப் பார்த்தோம். பெரிய மனிதரைச் சங்கடப்படுத்தலாமா? அவர் திரையில் படம் போட்டு 'சூரிய உலர்த்தல்' என்ற புதுமையை விளக்கினார். கைதட்டினோம்.

செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கிவந்தேன். அக்கா அதைப் பிரித்துப் பார்த்தார்.

"இதுக்குப் பேரெல்லாம் வெச்சிருக்கறாங்களாமா?"

பெயரைச் சொன்னேன். மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

"அன்னைக்கு அந்தச் சீட்டைக் கட்டுனது நாந்தாங்க்கா."

"தெரியுமுங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதுங்களா? அந்த முனையப் புடிங்க சாமி, இறுக்கிக் கட்டோணும்."

கட்டினோம்.

அடுத்த மாதம் எங்களுக்கு ஒரு பசுமைச் சான்றிதழ் கிடைத்தது. முதலாளியும் ஆலோசகரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். திட்டத்தில் பங்கேற்ற ஊழியர்களையும் கூப்பிடச் சொன்னார்களாம். அந்த நேரம் பார்த்து மழை தூற ஆரம்பித்திருந்தது. அக்கா விரிப்புகளை எடுக்க மாடிக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.