நான் எழுதின பதிமூணு மில்லிமீட்டர்

முதல்லயே சொல்லிடறேன், நான் பேய் பிசாசுன்னு பேசற ஆள் கிடையாது. எங்க லயத்துல, அதான் எஸ்டேட்டு லைன் வீடுங்கள்ல, யாருக்காவது காய்ச்சல் வந்தா காத்துக் கருப்பு அடிச்சிருச்சும்பாங்க, நான் மாத்திரை வாங்கிக் கொடுத்துட்டு என் வேலையப் பாப்பேன். நான் படிச்சது ஜியாலஜி. கல்லும் மண்ணும் தண்ணியும் சேந்தா என்ன செய்யும்னு அளந்து சொல்ற படிப்பு. அதனால இதைக் கேக்கும்போது உங்க முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். வேற யாராவது சொல்லியிருந்தா என் முகமும் அப்படித்தான் போயிருக்கும்.

நான் மலேசியாவுல, இந்தக் கேமரன் மலையிலயே எஸ்டேட்டுல பொறந்தவ. அம்மா கொழுந்து எடுக்கறவங்க, அப்பா காய்கறி லோரி ஓட்டினாரு. பக்கத்து லெம்பா பெர்த்தாம் ஊர்ல அணைத் தண்ணியோட சேறு வந்து வீடுங்களை மூடின வருஷம் நான் தானா ராத்தா ஸ்கூல்ல ஃபார்ம் ஃபைவ் படிச்சேன். அப்பா மறுநாள் அந்தப் பக்கம் லோரிய எடுத்துட்டுப் போய்ட்டு வந்தவரு, அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. இவ்வளவு காலமா இந்த மண்ணுல கிடக்கறோம், இந்த மண்ணைப் பத்தித் தெரிஞ்ச ஆளு எங்கள்ல ஒருத்தர்கூட இல்லையேன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. யூனிவர்சிட்டிக்கு ஜியாலஜின்னு எழுதிப் போட்டப்ப அப்பா, கல்லைப் படிச்சு என்னம்மா செய்யப் போற, நர்ஸுக்குப் போடேன்னாரு. அம்மா மட்டும் சர்ச்சுல எல்லார்கிட்டயும் என் மக கல்லுக்கு டாக்டருக்குப் படிக்கிறான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க.

படிப்பு முடிஞ்சு ஈப்போவுல ஒரு சின்ன கம்பெனியில வேலை கிடைச்சுது. சரிவு எதுவும் இடிஞ்சு விழுமான்னு பாத்து ரிப்போர்ட் எழுதறதுதான் வேலை. மூணு வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சாங் டவுனைத் தாண்டி ஒரு எஸ்டேட்டுல கூப்பிட்டாங்க. லயத்துக்குப் பின்னாடி தேயிலைச் சரிவுல விரிசல் விழுந்திருக்கு, கீழ ஆறு வீடு. போய்ப் பாத்தா, கையை விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போகுது. விரிசலுக்குப் பக்கத்துக்கு ஒன்னா ரெண்டு இரும்பு முளை அடிச்சு, நடுவுல டேப் பிடிச்சு அளந்தேன். அறுநூத்து நாப்பது மில்லிமீட்டர். மலை நகந்தா அந்த நம்பர் கூடும், நகரலைன்னா அப்படியே நிக்கும். இதுல மாய மந்திரம் ஒன்னும் இல்ல லா.

ரெண்டு நாள் விட்டு மத்தியானம் மூணு மணி வாக்குல திரும்பப் போய் அளந்தேன். அதே அறுநூத்து நாப்பது. வழக்கம் போல டேப் தெரியற மாதிரி ஃபோன்ல ஒரு படமும் எடுத்துக்கிட்டேன். நகர்வு இல்லைன்னு எழுதிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அதுக்குள்ள பனி இறங்கி, தூறல் வேற பிடிச்சுக்கிச்சு. விரிசலுக்குக் கொஞ்சம் கீழ பெரிய கருங்கல் பாறை ஒன்னு, ஒரு வேன் அளவு இருக்கும், பாதி மண்ணுக்குள்ள பொதைஞ்சு கிடந்துச்சு. நான் அதுல முதுகைச் சாய்ச்சு உக்காந்து, நோட்டை முழங்கால்ல வச்சு எழுத ஆரம்பிச்சேன்.

எப்படிச் சொல்றது உங்களுக்கு. தூங்கற மாட்டு மேல சாஞ்சு பாத்திருக்கீங்களா? அந்த மாதிரி. பாறை என் முதுகை மெதுவா முன்னால தள்ளுச்சு, அப்புறம் மெதுவா உள்ள வாங்கிக்கிச்சு. திரும்பத் தள்ளுச்சு. முதல்ல நான் சிரிச்சேன், ஏறி வந்த களைப்புல நான் மூச்சு விடறதுதான் அப்படித் தெரியுதுன்னு. சரி பாப்போம்னு மூச்சை அடக்கினேன்.

பாறை அடக்கல.

நான் இருபது வரைக்கும் எண்ணினேன், அதுக்குள்ள அது நாலு தடவை ஏறி இறங்கிருச்சு. ரெயின்கோட்டைத் தாண்டி முதுகுல ஒரு வெதுவெதுப்பு. அந்தக் குளிர்ல கல்லு எப்படிச் சூடா இருக்கும்? எந்திரிச்சுத் திரும்பி உள்ளங்கையை வச்சுப் பாத்தேன், ஐஸ் மாதிரி சில்லுன்னு, அசைவே இல்லாம கிடக்குது. திரும்ப முதுகை வச்சுப் பாக்க எனக்குத் தைரியம் வரல. நோட்டைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டேன், ஓடலன்னு சொன்னா அது பொய்.

கீழ ஆபீஸ்ல மேனேஜர் காத்துக்கிட்டு இருந்தாரு. அவரும் தமிழர்தான், இருந்தாலும் லயத்துல அவர துரைன்னுதான் சொல்வாங்க. ரீடிங் கூடியிருக்கான்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. கூடலைன்னு சொல்ல வாயத் திறந்தேன், முதுகுல அந்தத் தள்ளல் அப்படியே இருக்குது. கூடியிருக்குன்னு சொல்லிட்டேன். எவ்வளவுன்னாரு. பத்து, இருபதுன்னு ரவுண்டா சொன்னா பொய்னு தெரிஞ்சிடும்னு, அறுநூத்து ஐம்பத்தி மூணு, பதிமூணு மில்லிமீட்டர் நகந்திருக்குன்னேன். அவர் முன்னாடியே ஃபார்ம்ல எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் வாழ்க்கையில நான் பொய்யா எழுதின ரீடிங் அது ஒன்னுதான்.

அவர் உடனே என் பாஸுக்கு ஃபோன் பண்ணிட்டு, ஆறு குடும்பத்தையும் எஸ்டேட் ஹாலுக்கு மாறச் சொல்லிட்டாரு. நானும் லயத்துக்குப் போனேன். அங்க செல்வி அக்கான்னு ஒருத்தவங்க, நான் வந்த முதல் நாள்லேர்ந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தவங்க. படுக்கையில கிடக்கற புருஷனை எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னு தவிச்சுக்கிட்டு நின்னாங்க. என் கையைப் பிடிச்சு, "ஜெனி, நிஜமாவே நகருதா? என் முகத்தப் பாத்துச் சொல்லு"ன்னாங்க.

அவங்க முகத்தப் பாத்தேன். "நகருது கா"ன்னேன்.

அவங்க புருஷனை நாலு பேர் பாயோட தூக்கிக்கிட்டுத் தூறல்ல போனாங்க. அதைப் பாத்துக்கிட்டு நிக்கறது எவ்வளவு கேவலமா இருந்துச்சு தெரியுமா.

மறுநாள் காலையில ஈப்போலேர்ந்து பாஸ் வந்துட்டாரு. சீனர், அம்பது வயசு, மத்தவங்க அளந்ததை நம்பவே மாட்டாரு. அந்தத் தூறலை விட்டா ராத்திரி மழையே இல்ல, மண்ணு நகர ஒரு காரணமும் இல்ல. மாட்டிக்கப் போறேன்னு தெரிஞ்சு போச்சு. மேல ஏறும்போது மனசுக்குள்ள தயார் பண்ணிக்கிட்டேன், சார் நான் தப்பா எழுதிட்டேன், வேலைய விட்டுப் போறேன்னு. அவரு குனிஞ்சு முளைக்கு முளை டேப்பைப் பிடிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டுத் திரும்பப் பாத்தாரு. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அவரே சொன்னாரு.

"சிக்ஸ் ஃபைவ் த்ரீ. பெத்துல் லா, ஜெனி."

சரியா இருக்குதாம். நான் டேப்பை வாங்கி மூணு தடவை அளந்தேன். ஒரு மில்லிமீட்டர் கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

நல்ல வேளை ஆளுங்களை மாத்த வச்சியேன்னு பாஸ் மெச்சிக்கிட்டாரு. நேத்து எடுத்த படம் எங்கன்னு கேட்டப்ப ஃபோன் மழையில நனைஞ்சிருச்சுன்னு இன்னொரு பொய். அந்த ஆறு குடும்பத்துக்கும் அப்புறம் வேற பக்கம் வீடு கொடுத்தாங்க, செல்வி அக்கா கிறிஸ்மஸுக்குக்கூட எங்க வீட்டுக்கு வந்தாங்க. அந்தச் சரிவு இன்னும் விழல. மூணு வருஷமா அளக்கறோம், அடைமழையிலகூட அதே அறுநூத்து ஐம்பத்தி மூணு.

ராத்திரியில தானா நகந்திருக்கலாம், சரி, ஒத்துக்கறேன். ஆனா நான் சொன்ன அளவுக்கு நகந்துட்டு ஏன் நிக்கணும்? அறுநூத்து நாப்பது காட்டற படம் இன்னும் என்கிட்ட இருக்கு. நடந்ததுக்கு ஒரே அத்தாட்சி அதுதான். அதை வெளிய காட்டினா நான் பொய் ரிப்போர்ட் எழுதினவன்னும் தெரிஞ்சிடும், அதனால இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் காட்டல. இது மலை எனக்குச் சொன்னதா, இல்ல நான் சொன்னதை மலை கேட்டுச்சான்னு யோசிச்சா தலை சுத்துது.

அதுலேர்ந்து எங்க அளக்கப் போனாலும் டேப் நிக்கற வரைக்கும் மனசுல ஒரு நம்பரும் வராம பாத்துக்கறேன், வாய்க்குள்ள ஜெபம்கூட சொல்லிக்கறேன். போன மாசம் வேற ஒரு மலைப் பாதை, கீழ கடைங்க இருக்கு, அங்க ஒரு விரிசலுக்கு முளை அடிச்சுட்டு நிமிரும்போது, நான் கூப்பிடாமலே ஒரு நம்பர் வந்துச்சு. தொள்ளாயிரம். டேப்பைக் கூட வந்த பையன்கிட்ட கொடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். இருநூத்து பன்னெண்டுன்னு கத்தினான்.

வாரா வாரம் அந்த இடத்தை அளக்கணும்னு ரிப்போர்ட்டுல போட்டிருக்கேன். காரணம் எழுதல, என்னன்னு எழுதறது.

போன வாரம் இருநூத்து பதினேழு.